அரியலூர் எங்கே இருக்கிறது?

பெரம்பலூரிலிருந்து அரியலூர் பஸ் கிளம்பியதும், முன்சீட்டுப் பெண் பக்கத்திலிருந்த நடுவயதுக்காரரிடம் சொன்னாள்: "நேத்து உங்க அரியலூரே எங்க ஊர்லதான் இருக்குன்னு சொல்லிட்டேன் சார்."

பின்சீட்டில் இருந்த நான் காதில் ஓடிய பாட்டை நிறுத்தினேன்.

"உலகமே நம்பிடுச்சேம்மா" என்று சிரித்தார் அவர்.

அவள் பெரம்பலூரிலும் அவர் அரியலூரிலும் வெவ்வேறு இன்டர்நெட் கம்பெனிகளின் ரூட்டரைப் பார்த்துக்கொள்பவர்கள் என்பது பேச்சில் தெரிந்தது.

"ரூட்டர்ல எங்க நெட் அட்ரஸைப் போடறப்போ ஒரு நம்பரை மாத்தி அடிச்சு, உங்க அட்ரஸைப் போட்டுட்டேன். உங்க கஸ்டமருக்குப் போறதெல்லாம் எங்ககிட்ட வந்து முட்டி நின்னுடுச்சு. அரியலூர்ல பாதிப் பேருக்கு நெட்டு இல்ல."

"இந்த அட்ரஸெல்லாம் எங்களதுன்னு பொதுப் பதிவுல போட்டு வச்சிருந்தா, நமக்கெல்லாம் நெட்டு குடுக்கற பெரிய கம்பெனியே அதைப் பாத்து உன்னைத் தடுத்திருக்கும். நாங்க போடலியே."

"உங்க ஓனர்கிட்ட வந்து மன்னிப்பு கேட்டுடறேன் சார்."

"வேணாம். லேப்டாப்பை எடு, இங்கயே அந்தப் பதிவைப் போட்டுடலாம்."

"ஓனருக்குக் கோவம் இல்லியா சார்?"

"இருக்கு. யாரு மேலன்னுதான் தெரியாது. கேட்டாரு, நான் சொல்லல."

சிமெண்ட் லாரிக்கு வழிவிட்டு பஸ் ஒதுங்கியது.

"ஏன் சார்?"

"நீயா போன் போட்டு, 'என் தப்புதான் சார்'னு சொன்ன. அதனாலதான் சட்டுன்னு சரியாச்சு. உன்னைக் காட்டிக் குடுத்துட்டா, அடுத்த தடவை யாரும்மா எனக்குப் போன் போடுவாங்க?"