அடித்துவிட்டு எழுதிய சொல்

நான் இங்கிலீஷ் வாத்தியார், இன்ஸ்பெக்டரம்மா. ஒரு சொல்லுக்காக அரை நாள் மெனக்கெடுகிற ஆள். பெயர் குருமூர்த்தி. நாமக்கல்லில் விடுதிப் பள்ளியில் பன்னிரண்டு வருஷமாக வேலை, விடுதி வார்டனும் நானே. சனிக்கிழமைதோறும் பெற்றோருக்கு இங்கிலீஷில் குறிப்பு அனுப்புவது என் பொறுப்பு. பிள்ளை முன்னேறுகிறது என்பதைத்தான் விதவிதமாக எழுத வேண்டும்.

கனிஷ்கா பிளஸ் டூ. மாவட்டத்தில் முதலாவதாக வருவாள் என்று நம்பியிருந்தோம். பொதுத்தேர்வுக்கு நடுவில் காய்ச்சல் வந்தது. நான்காம் நாள், அது சனிக்கிழமை, வாந்தியும் சேர்ந்துகொண்டது.

"சார், கை காலெல்லாம் சில்லுன்னு ஆவுதுங்க. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிரலாங்க" என்றாள் நர்ஸ் சரிதா.

"திங்கக்கிழமை கெமிஸ்ட்ரி முடிஞ்சிரட்டும்" என்றேன்.

பிறகு குறிப்பு எழுத உட்கார்ந்தேன். உங்கள் மேசைமேல் இருக்கிறதே, அந்தத் தாள்தான். முதலில் 'ரெகவரிங்' என்று எழுதினேன். நோயில் விழுந்தவர்கள்தான் ரெகவர் ஆவார்கள். படித்தால் அவள் அப்பா அடித்துப் பிடித்துக்கொண்டு வந்து கூட்டிப்போய்விடுவார். அந்தச் சொல்லை அடித்தேன். 'பெட்டர்' என்றால் முன்பு என்னவாயிற்று என்று கேட்பார். அதையும் அடித்தேன். 'இம்ப்ரூவிங்' என்றால் படிப்பு என்று நினைத்துக்கொள்வார். அதைப் போட்டு, திருத்தமாகத் தட்டி அவர் போனுக்கு அனுப்பினேன். சரியான சொல் கிடைத்ததில் எனக்குத் திருப்தி இருந்தது. அதை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அப்பா மயில்சாமி லாரி ஓட்டுகிறவர். நாக்பூரிலிருந்து கூப்பிட்டார்.

"ஏனுங்க சார், இங்கிலீசு தெரிஞ்சவருகிட்டக் காட்டுனனுங்க. நல்லா வந்துட்டிருக்குதுன்னாருங்க. அவிய அம்மாவுக்குத்தான் மனசு சரியில்லை. உடம்புக்கு ஒண்ணுமில்லீங்களே?"

"நான் எழுதினதுதாங்க" என்றேன்.

"அப்பச் சரிங்க சாமி. லோடை எறக்கிப்போட்டு மெதுவா வாரேனுங்க."

திங்கட்கிழமை கனிஷ்கா சரிதாவின் தோளைப் பிடித்துக்கொண்டு பரீட்சை அறையிலிருந்து வந்தாள். "எல்லாம் எழுதிட்டேன் சார்" என்றாள். அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மறுநாள் காலை போய்விட்டாள். மயில்சாமி அப்போது பெங்களூர்கூடத் தாண்டவில்லை.

தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லச் சொல்கிறார் வக்கீல். நானும் இத்தனை நாள் எனக்கு நானே அதைத்தான் சொல்லிக்கொண்டேன். அந்தத் தாளைப் பாருங்கள் அம்மா. தெரியாதவனாக இருந்தால் முதல் சொல்லையே அனுப்பியிருப்பேன்.

தெரிந்துதான் செய்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு வேறு சொல் தேட வேண்டாம்.