கடைசி நொடியில் பந்து யாருக்கு

"கடைசி செகண்டுல பந்தைக் கேட்டுட்டா ஒருத்தன் பெரிய ஆளாயிடுவானாடி?"

ஆவடி போகும் மின்சார ரயிலில் எனக்கு எதிரே கூடைப்பந்து ஜெர்சியோடு இரண்டு பெண்கள். கேட்டவள் ஜன்னலோரம், மடியில் பந்தோடு இருந்தாள். பேச்சு ஓர் அமெரிக்க ஆட்டக்காரனைப் பற்றி.

"அவன மாதிரி எவனும் கெடையாது" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"இன்னாடி சொல்ற? கடைசி செகண்டுல அவன் போட்டதவிட விட்டதுதான் ஜாஸ்தி."

"விட்டான். அடுத்த மேட்ச்லயும் அவன்தான கேட்டான்? டீமும் குடுத்துச்சுல்ல?"

"கேட்டா போதுமா? உள்ள போவணும்."

"கேக்கவே பயந்தா எப்பிடிடி உள்ள போவும்?"

ஜன்னலோரத்தவள் பந்தை மடியிலேயே கொஞ்ச நேரம் உருட்டினாள்.

"இன்னிக்கு நீ கடைசி பந்த விட்டு நாம தோத்தோம். அதுக்கு எதுக்கு அவன இழுக்குற?"

"ஆமா, விட்டேன். நான் இல்லன்னு சொன்னனா? நாளைக்கும் ஒரு மேட்ச் கீது."

பட்டரவாக்கம் வந்து போனது. அம்பத்தூரில், கடைசிப் பந்தை விட்டவள் எழுந்து வாசலுக்குப் போனாள்.

"ஏய், பந்த எடுத்துக்கினு போடி. உன்னுதுதான?"

அவள் பிளாட்பாரத்தில் இறங்கி, ஜன்னல் பக்கம் வந்து நின்றாள்.

"உன்கிட்டயே இருக்கட்டும். நாளைக்கு கடைசி செகண்டுல நீயே என் கைல குடு."