சந்தும் தீவும் பதினைந்து டிகிரியும்

மனித வரலாற்றில் உடன்பிறந்தவர்களைப் பிரித்ததும் அரண்மனைகளைச் சரித்ததும் கொள்கை வேறுபாடு ஒன்றுதான். எங்கள் குடும்பத்திலும் அப்படி ஒரு கொள்கை வேறுபாடு வந்தது. இணையத்தில் ஆடும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகள் இரண்டில் எது உயர்ந்தது என்பதே அந்தக் கொள்கை.

டாக்டரம்மா, நீங்கள் கேட்டது ஒரே ஒரு எண்ணைப் பற்றி. அந்த எண் எப்படி வந்தது என்று எழுத்தில் கொடுக்கச் சொன்னீர்கள். ஒரு வரியில் எழுதிவிடலாம். ஆனால் ஒரு வரியில் எழுதினால் என்னைப் பற்றித் தப்பான எண்ணம் வந்துவிடும். இருபத்திரண்டு வருடமாக நீங்கள் எழுதிக் கொடுக்கும் சீட்டுக்குக் கண்ணாடி போட்டுத் தருகிறவன் நான். அந்த மரியாதைக்காவது முதலிலிருந்து கேளுங்கள்.

எங்கள் அணியில் ஐந்து பேர். மாமனார் கேப்டன். நீதிமன்றத்தில் தட்டச்சு செய்து ஓய்வு பெற்றவர்தான், ஆனால் ஹெட்போனை மாட்டியதும் மூன்று போர்களை நேரில் நடத்திய தளபதியின் குரல் வந்துவிடும். அவருடைய மூத்த பெண் என் மனைவி. கணக்கு டீச்சர். குறி தப்பவே தப்பாது, வீட்டிலும் சரி, விளையாட்டிலும் சரி. இளையவள் என் மச்சினி. மச்சினியின் கணவர் என் சகலை. கேக் கடை வைத்திருக்கிறார், உங்கள் நோயாளி. ஐந்தாவது ஆள் நான். மாமியார் ஆடமாட்டார். பின்னால் சோபாவில் உட்கார்ந்து அபிப்பிராயம் சொல்லுவார்.

விளையாட்டுகளுக்குக் கம்பெனிக்காரர்கள் வைத்த பெயர் வாயில் நுழையாது. நாங்கள் ஒன்றைச் சந்து என்போம், இன்னொன்றைத் தீவு என்போம்.

சந்தில் ஐந்து பேருக்கு ஐந்து பேர். குறுகலான தெரு, கிடங்கு, மாடிப்படி. ஒரு கட்சி குண்டு வைக்க வேண்டும், மறு கட்சி தடுக்க வேண்டும். எதிராளி திருப்பத்தில் முழு உருவமாக வந்து நிற்பான், வாசலில் விருந்தாளி நிற்கிற மாதிரி. செத்தால் அந்தச் சுற்று முடிகிறவரை சும்மா உட்கார்ந்து, உயிரோடிருப்பவர்கள் ஆடுவதைப் பார்க்கலாம். மாமனார் பெரும்பாலும் முதல் அரை நிமிடத்தில் செத்துவிடுவார். செத்த பிறகுதான் அவருக்கு வேகம் பிடிக்கும். மற்ற நான்கு பேருக்கும் அங்கிருந்தே உத்தரவு வரும்.

தீவு வேறு ஜாதி விளையாட்டு. நூறு பேர் விமானத்திலிருந்து பாராசூட்டில் குதிப்பார்கள். வீடு வீடாகப் போய்த் துப்பாக்கி, தோட்டா, கட்டுத்துணி எல்லாம் பொறுக்க வேண்டும். பிறகு பத்து நிமிடம் புல்லில் நடை. கடைசியில் தூரத்து மலைமேல் கடுகு மாதிரி ஒரு புள்ளி தெரியும். அந்தப் புள்ளியை நாம் சுட வேண்டும், இல்லையென்றால் அது நம்மைச் சுடும்.

மாமியார் ஒருநாள் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வீடு வீடாப் போய்ச் சாமான் பொறுக்கறதுக்கா எல்லாரும் இவ்வளவு படிச்சீங்க?"

சகலைக்குத் தீவு என்றால் உயிர். அந்தக் கடுகை நானூறு மீட்டரில் உரித்துக் காட்டுவார். கேக்கின் மேல் க்ரீமில் எழுதுகிற கை, நடுங்காது. எனக்குச் சந்துதான் சரி. இதில் தனிப்பட்ட விருப்பு வெறுப்பு எதுவும் இல்லை. சந்துக்கு ஐந்து பேர் வேண்டும், தீவுக்கு நான்கு பேர் போதும். அவ்வளவுதான் வித்தியாசம்.

நான்கு மாதத்துக்கு முன் கடைவீதியில் இருக்கிற பெரிய வணிக வளாகத்தில் ஒரு போட்டி அறிவித்தார்கள். குடும்பப் பிரிவு என்று தனியாக இருந்தது. சந்து அல்லது தீவு, ஏதாவது ஒன்றில்தான் பெயர் கொடுக்கலாம். மாமனார் அவையைக் கூட்டினார். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் கை கழுவியிருந்தோம்.

சகலை தீவுக்காகப் பேசினார். நன்றாகத்தான் பேசினார். அப்போது மச்சினி கேட்டாள்: "அதுல நாலு பேருதானே? நம்ம அஞ்சு பேரு இருக்கோமே."

சகலை என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். "அதுக்கென்ன. பெரிய சகலைக்குக் கடையில வேலை ஜாஸ்தி. அவரைப் போய் ஏன் கஷ்டப்படுத்தணும்?"

ஒருவரும் மறுக்கவில்லை. மாமனார் மூக்கைத் துடைத்துக்கொண்டார். மாமியார் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். என் மனைவி மட்டும் எனக்காகப் பரிந்து பேசினாள்: "அவர் வேணா பையெல்லாம் பாத்துக்கட்டும்."

நான் மூத்த மாப்பிள்ளை, டாக்டரம்மா. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் மாமனார் தீர்ப்புச் சொன்னார்: "ரெண்டையும் ஒரு மாசம் மாத்தி மாத்தி ஆடுவோம். நான் நோட்டுல எழுதிக்கறேன். எதுல நம்ம குடும்பம் நல்லா ஆடுதோ அதுல பேரு குடுப்போம். ஆதாரம்தான் முக்கியம் மாப்ளே."

நானும் அதைத்தான் சொல்கிறேன். ஆதாரம்தான் முக்கியம்.

அந்த வாரமே சகலை உங்கள் சீட்டோடு என் கடைக்கு வந்தார். பழைய கண்ணாடியில் கீறல் விழுந்திருந்தது. அவர் கண்ணில் சிலிண்டர் பவர் அதிகம் என்று உங்களுக்குத் தெரியும். அந்த மாதிரிக் கண்ணாடிக்குப் பவர் மட்டும் சரியாக இருந்தால் போதாது, லென்ஸ் எந்தச் சாய்வில் உட்கார வேண்டும் என்று ஒரு டிகிரியும் எழுதுவீர்கள். நீங்கள் தொண்ணூறு என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கையெழுத்து தெளிவாகவே இருந்தது. அதை நான் எங்கும் குறை சொல்லப்போவதில்லை.

கடையின் பின்னறையில் லென்ஸைக் கருவியில் வைத்துப் பார்த்து, சாய்வைக் குறிக்க மூன்று புள்ளி குத்தி, தேய்க்கும் மெஷினில் ஏற்றினேன். அப்போது எனக்கு ஒரு எண்ணம் தோன்றியது. ஒரு விளையாட்டு நல்ல விளையாட்டா என்று பார்க்க வேண்டுமானால், கழுகுக் கண் உள்ளவரை வைத்துச் சோதித்து என்ன பயன்? கண் சுமாராகத் தெரிகிறவருக்கும் அது நியாயமாக நடந்துகொள்கிறதா என்றல்லவா பார்க்க வேண்டும்? உலகத்தில் பாதிப் பேர் கண்ணாடி போட்டவர்கள். அவர்கள் சார்பாக யார் யோசிப்பது?

நூற்றைந்தில் வைத்துத் தேய்த்தேன். கை தவறியது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என் கை தவறுவதில்லை.

பவரை நான் தொடவில்லை. பவரைத் தொடுவது குற்றம். சாய்வு மட்டும் பதினைந்து டிகிரி. இரண்டு கண்ணுக்கும் ஒரே அளவு, ஓரவஞ்சனை கிடையாது.

சகலை கண்ணாடியைப் போட்டு, கடை வாசலைப் பார்த்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். "என்ன சகல, கதவு கோணலா இருக்கு?"

"புதுக் கண்ணாடி இல்லையா. ரெண்டு வாரத்துல பழகிடும்" என்றேன்.

எங்கள் தொழிலில் இதைவிட நேர்மையான வாக்கியம் கிடையாது. தினமும் பத்துப் பேரிடம் சொல்கிறோம். எல்லோருக்கும் பழகித்தான் விடுகிறது.

சோதனை எதிர்பார்த்ததைவிட நன்றாக வந்தது. சந்தில் சகலைக்கு ஒரு குறையும் இல்லை. முழு உருவமாக வந்து நிற்கிறவன் கொஞ்சம் மங்கலாக நின்றால் என்ன? சுட்டுத் தள்ளினார். தீவில் கடுகு கரைந்து போயிற்று. புதரைச் சுட்டார், பாறையைச் சுட்டார். ஒருமுறை சூரியனைச் சுட்டார். "ஏதோ மாத்திட்டானுங்க சகல. முன்னெல்லாம் ஆள் தெரியும்" என்று கம்பெனிக்குப் புகார் எழுதினார். அவர்கள் திரையின் வெளிச்சத்தைக் கூட்டிப் பார்க்கச் சொன்னார்கள். கூட்டிப் பார்த்தார். புதர் இன்னும் பளிச்சென்று தெரிந்தது.

மாத முடிவில் மாமனார் நோட்டைப் பிரித்து வாசித்தார். சந்துக்கே வெற்றி. தீவு கண்ணுக்குக் கெடுதல் என்று குடும்பம் ஒருமனதாக முடிவு செய்தது. ஐந்து பேரின் பெயரும் போட்டிக்குப் போயிற்று. சகலை பெருந்தன்மையானவர். என் தோளைத் தட்டி, "நீங்க சொன்னதுதான் சரி சகல. சந்துதான் ஒரிஜினல்" என்றார். மனது நிறைந்தது. ஒருவருடைய கருத்தை ஆதாரத்தால் மாற்றுவது எவ்வளவு அரிதான காரியம்.

இனி நீங்கள் கேட்கப்போகும் விஷயத்துக்கு வருகிறேன். கேக்குகள்.

முதலில் எழுத்துதான் ஏறியது. பிறந்தநாள் வாழ்த்து இடது ஓரத்தில் கீழே தொடங்கி வலது ஓரத்தில் மேலே போய் முடிந்தது. கடைசி எழுத்துக்கு இடமில்லாமல் அது பெட்டியின் மூடியில் ஒட்டிக்கொண்டது. வாடிக்கையாளர்கள் புது ஸ்டைல் என்று நினைத்து ஒரு வாரம் பாராட்டினார்கள். பிறகு ஒரு கல்யாணத்துக்கு நான்கு அடுக்குக் கேக் போயிற்று. சகலையின் கண்ணுக்கு அது ஸ்கேல் வைத்த மாதிரி நேராக இருந்திருக்கிறது. மாப்பிள்ளையும் பெண்ணும் கத்தியை வைத்ததும் மேலிரண்டு அடுக்கும் கிளம்பி, எதிரே தரையில் உட்கார்ந்து படமெடுத்துக்கொண்டிருந்தவரின் மடியில் இறங்கின. கேமரா உட்பட எல்லாம் வெனிலா. அதற்குப் பிறகு கல்யாண ஆர்டர் வரவில்லை.

தலைவலியும் தொடங்கிவிட்டது. உங்களிடம் வந்தார். நீங்கள் மறுபடி சோதித்து மறுபடி தொண்ணூறு என்றே எழுதினீர்கள். சீட்டோடு என்னிடம் வந்தார். புதிதாகப் போட்டுத் தந்தேன். இந்தத் தடவை நூற்று மூன்று. என்னிடம் மனச்சாட்சி இல்லை என்று சொல்பவர்களுக்காக அந்த இரண்டு டிகிரியைச் சுட்டிக்காட்டுகிறேன்.

நடுவில் அவர் ஸ்கூட்டர் ஓட்டுவதை நிறுத்தியதும் என் சொல்லைக் கேட்டுத்தான். "சகல, கண்ணு இப்படி இருக்கும்போது வண்டி எதுக்கு?" என்று நானே சாவியை வாங்கி வைத்தேன். மச்சினி கண் கலங்கினாள். "அத்தான், உங்களுக்கு இருக்கற அக்கறை யாருக்கும் இல்ல." நான் தலையைக் குனிந்துகொண்டேன். புகழ்ச்சி எனக்கு ஒத்துவராது.

மூன்றாவது முறை வந்தபோது நீங்கள் கண்ணில் ஒன்றுமில்லை என்று சொல்லி, மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொல்லி எழுதினீர்கள். உங்கள் மேல் தப்பில்லை. உங்கள் சீட்டும் சரி, அவர் கண்ணும் சரி என்றால், மிச்சம் இருப்பது மூளைதானே. கண்ணாடிக் கடை என்று ஒன்று நடுவில் இருப்பதை யார் நினைப்பார்கள்?

சகலை அன்று மாலை கடைக்கு நடந்தே வந்தார். வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்து, முன்னாலிருந்த கண்ணாடிச் சட்டங்களை ஒவ்வொன்றாக நேராக வைத்தார். அதாவது, கோணலாக வைத்தார்.

"சகல, அவகிட்ட சொல்லல. ஒருவேளை உள்ள ஏதாவது இருந்து, எனக்கு ஏதாவது ஆச்சுன்னா... புள்ளைங்களை நீங்கதான் பாத்துக்கணும். வேற யார்கிட்ட நான் கேப்பேன்?"

"சே. என்ன பேச்சு இது" என்றேன். "ஸ்கேன் செவ்வாய்க்கிழமைதானே? போட்டி ஞாயித்துக்கிழமை. அதுவரைக்கும் ஒண்ணும் ஆகாது."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்லியிருக்கலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். நடுவில் சரியான கண்ணாடியைக் கொடுத்தால், தீவில் இன்னொரு முறை ஆடிப் பார்க்கலாம் என்பார். மாமனார் நோட்டைத் திறப்பார். ஒரு மாத உழைப்பு பாழ். ஸ்கேனில் எப்படியும் ஒன்றும் இருக்கப்போவதில்லை. அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். இந்த ஊரிலேயே அது நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். அந்தப் பாரத்தை நான்கு நாள் தனியாகச் சுமந்தேன். இரண்டு பிள்ளைகளின் அப்பா, தான் சாகப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டு நான்கு நாள் இருந்தார் என்கிறீர்கள். வாஸ்தவம். ஆனால் அந்த நான்கு நாளும் அவர் விடாமல் பயிற்சி செய்தார்.

திங்கட்கிழமை காலை நீங்கள் அவருடைய கண்ணாடிகள் இரண்டையும் வாங்கி, உங்கள் கருவியிலேயே வைத்து அளந்துவிட்டீர்கள். நூற்றைந்து, நூற்று மூன்று. ஸ்கேனை ரத்து செய்துவிட்டு எனக்கு போன் செய்தீர்கள். நீங்கள் கத்தவில்லை. அதற்கு நன்றி.

எழுத்தில் கேட்டதால் எழுதுகிறேன். தெரிந்தேதான் செய்தேன், இரண்டு முறை செய்தேன், நீங்கள் அளக்காமல் இருந்திருந்தால் மூன்றாவது முறையும் செய்திருப்பேன், நூற்றிரண்டில். சரியான கண்ணாடியை நேற்றே போட்டுக் கொடுத்துவிட்டேன். தொண்ணூறு, ஒரு டிகிரி கூடக் குறைய இல்லை. சகலை அதைப் போட்டுக்கொண்டு என்னை வெகுநேரம் பார்த்தார். "இப்பத்தான் உங்க மூஞ்சி தெளிவாத் தெரியுது" என்றார். மனைவி என்னோடு பேசுவதை நிறுத்தி ஒரு நாள் ஆகிறது. மாமனார் என்னைச் சந்திலிருந்தும் தீவிலிருந்தும் நீக்கி எழுத்துபூர்வமாக ஆணை பிறப்பித்திருக்கிறார், மூன்று நகல்களோடு.

ஆனாலும் ஒன்று. ஐந்தாவது ஆள் இல்லாமல் எங்கள் குடும்பம் அந்தப் போட்டியில் சந்து ஆடியிருக்க முடியாது. இதை யாரும் மறுக்கவில்லை.

போட்டி முடிவையும் குறிப்பிட்டுவிடுகிறேன், முழுமைக்காக. முதல் ஆட்டத்திலேயே வெளியேறினோம். யார் எத்தனை பேரைச் சுட்டார்கள் என்று நடத்தியவர்கள் ஒரு தாள் கொடுத்தார்கள். சகலை, அந்தக் கண்ணாடியோடு, பத்தொன்பது. என் மனைவி பதினான்கு. மச்சினி ஆறு. மாமனார் ஒன்று. என் பெயருக்கு நேரே மைனஸ் ஒன்று என்று இருந்தது. நம் கட்சி ஆளையே சுட்டால் ஒன்றைக் கழித்துக்கொள்வார்களாம்.

நான் சுட்டது மாமனாரை.