சிவப்புக் கூம்பு

— அந்தக் கறுப்பு டப்பாவ மொதல்ல கழட்டி எறிங்க சகலை. அதுதான் என் வண்டியோட கழுத்தப் புடிச்சு நெரிக்குது.

— எறியறது இருக்கட்டும் குபானிச். இந்த ஏர் ஃபில்டர் டப்பா உன் சீட்டுக்கு அடியில இருவது வருஷமா உக்காந்திருக்கு. தூசி, சேறு, பனித்தண்ணி எல்லாத்தையும் அதுதான் வாங்கிக்கிச்சு. ஒரு நாளாவது உன்கிட்ட குறை சொல்லிச்சா?

— அது வாயத் தொறக்கறதே இல்ல, அதான் குறை! தையல் மெஷின் மாதிரி ஓடுது சகலை. கொச்கோர் பஜார்ல நான் போனா ஒரு கழுதகூட திரும்பிப் பாக்கறதில்ல.

— உன் பொண்டாட்டி பெர்மெட் திரும்பிப் பாத்தாளே. பாத்துட்டுத்தானே அவங்க அம்மாகிட்ட மலைக்குப் போனா.

— அத ஏன் இப்ப இழுக்கறீங்க?

— நான் எங்க இழுத்தேன், ஊரே இழுக்குது. "நான் வேணுமா, வண்டி வேணுமா"ன்னு கேட்டாளாமே. நீ என்ன சொன்ன?

— ரெண்டு நிமிஷம் டைம் கேட்டேன்.

— ரெண்டு நிமிஷம்!

— செயினுக்கு எண்ணெ போட்டுட்டு இருந்தேன் சகலை, கையெல்லாம் கறை! துடைச்சுட்டு நிமிந்து பாக்கறேன், பால் வண்டியில ஏறி உக்காந்துட்டா. இன்னையோட பன்னெண்டு நாள். நேத்து போன்ல கறாரா சொல்லிட்டா. நாளைக்கு, ஞாயித்துக்கிழமைக்குள்ள, வந்து கூப்பிட்டா வருவாளாம். இல்லன்னா செப்டம்பர்ல ஆடுங்களோட சேந்துதான் இறங்குவாளாம்.

— அதுக்காக அவ எத வேணாம்னாளோ, அதுக்கே ஒரு நகை வாங்கிட்டு வந்திருக்க.

— நகையா? ஏர் ஃபில்டர் சகலை, ஏர் ஃபில்டர்! பாருங்களேன், பாருங்களேன்! சிவப்புக் கூம்பு, மூக்குல பளபளன்னு மூடி. மூணு வாரம் காத்திருந்து பார்சல்ல வந்தது. இத மாட்டினா வண்டி நெஞ்சு நெறைய மூச்சு இழுக்கும். கணவாய்ல நான் திரும்பறப்பவே அவ கூடாரத்துக்குள்ள சத்தம் கேக்கும். "என் வீட்டுக்காரர் வர்றார்"னு டீத்தண்ணி வெப்பா.

— இல்லன்னா மூட்டையக் கட்டிக்கிட்டு அடுத்த மலைக்குப் போவா. நான் சொல்லிட்டேன், அவ்வளவுதான். அந்தப் பத்தாம் நம்பர் ஸ்பேனர எடு.

— எங்க இருக்கு?

— கதவுக்குப் பின்னாடி, அந்தக் கட்டம் போட்ட பைக்குப் பக்கத்துல.

— அடேயப்பா, இது யார் பை? ஒரு ஆட்ட அப்படியே உள்ள தள்ளி ஜிப் போட்ட மாதிரி இருக்கு!

— ஜமீரா கட்டி வெச்சது. அவங்க அம்மாவுக்குப் போகணுமாம். தொறக்கக் கூடாதுன்னு ஆர்டர்.

— ஏன்னு கேக்கலியா?

— என் பொண்டாட்டியும் உன் பொண்டாட்டியும் ஒரே வயித்துல பொறந்தவங்க. ஏன்னு கேட்டா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாது பாரு! நீதான் மேல போறியே, அதையும் தூக்கிட்டுப் போயேன்.

— முடியாது சகலை, திரும்பறப்ப பின்னாடி பெர்மெட் உக்காரணும். அவ மூட்டை வேற இருக்கும். ஸ்பேனர் இந்தாங்க.

— சீட்டத் தூக்கிப் புடி. சைடு கவரக் கழட்டி ஓரமா வை, மிதிச்சுடாத. இந்த டப்பா சுலபத்துல வராது. குழந்தையத் தொட்டில்ல இருந்து எடுக்கற மாதிரி சாய்ச்சு, திருப்பி... ம், வந்துடுச்சு. பாத்தியா, உள்ள எவ்வளவு சுத்தம்?

— பாவமாத்தான் இருக்கு. சரி, சீக்கிரம் சகலை. மதியத்துக்குள்ள மேல போய்ச் சேரணும், நாளைக்குக் காலைல இறங்கிடணும். ஒரு நாளுக்கு மேல அங்க இருந்தா மாமியார் என்னப் புடிச்சுக் கட்டிப் போட்டுடுவாங்க.

— ரோமம் வெட்டற மாசமாச்சே.

— முன்னூத்தி நாப்பது ஆடு! மாமனார் வேற குதிரைகிட்ட உதை வாங்கிக் கால்ல கட்டோட படுத்திருக்காராம். என்னப் பாத்த உடனே கத்தரிக்கோலக் கையில திணிச்சிடுவாங்க. எனக்கு திங்கக்கிழமை வேற வேலை இருக்கு.

— என்ன வேலை?

— பெர்மெட்கிட்ட சொல்லிடாதீங்க. பசங்க எல்லாரும் சேந்து இஸ்ஸிக்-குல் ஏரியச் சுத்தி வர்றோம். இருவது வண்டி. இந்தக் கூம்போட நான்தான் முன்னால.

— அதாவது, வண்டியால கோவிச்சுட்டுப் போனவள ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வந்து, திங்கக்கிழமை வண்டிய எடுத்துட்டுப் போற.

— நீங்க சொல்ற விதத்துல தப்பாத் தெரியுது. நெசத்துல அவ்வளவு தப்பு இல்ல.

— என்னவோப்பா. மூணு கோடை நான் வெட்டியிருக்கேன். ஒவ்வொரு தடவையும் நாப்பது நாள். இன்னும் இந்த முதுகு நிமிரல. பனியன்ல ரோமம் ஒட்டி, ஒட்டி, குளிக்கப் போனா ஜமீரா என்னை ஆடுன்னு நெனச்சு விரட்டுவா. இந்த வருஷம், "ரெண்டு மாப்பிள்ளையில யாராவது ஒருத்தர் வந்தே ஆகணும்"னு செவ்வாய்க்கிழமை அத்தை போன் பண்ணாங்க.

— நீங்க என்ன சொன்னீங்க?

— கடைய விட்டு வர முடியாது, ஆனா ஏதாவது ஏற்பாடு பண்றேன்னு சொன்னேன்.

— நல்லவேளை! என் பேரச் சொல்லிடலியே?

— உன் பேர நான் வாயால சொல்லவே இல்ல. அந்த டீ கெட்டில எடு.

— டீயா? இப்பவா?

— கூம்போட ரப்பர் வாய் கார்புரேட்டரவிடச் சின்னது. சுடுதண்ணியில முக்கினா இளகும். ஊத்து... போதும். இப்ப அமுக்கு. ம், உக்காந்துடுச்சு. கிளாம்பப் போடு. ரொம்ப முறுக்காத, பிஞ்சுடும். அடுத்தது பெட்ரோல் விடற ஜெட் மாத்தணும்.

— அது எதுக்கு?

— காத்து நெறைய வந்தா பெட்ரோலும் அதுக்குத் தகுந்த மாதிரி வரணும். இல்லன்னா போற வழியெல்லாம் பட்டாசு மாதிரி வெடிக்கும்.

— வெடிக்கட்டுமே சகலை! நல்லாத்தானே இருக்கும்?

— பிஸ்டன் கருகினா நல்லாவா இருக்கும்? கம்முனு இரு. கணவாய்க்கு மேல காத்து லேசு, அதனால ஒரே ஒரு நம்பர் ஏத்தறேன். ஏறறதப் பத்தி நீ கவலையே படாத.

— அதான் இஸ்காக் சகலை! உங்க கை பட்டா கழுதகூட பந்தயத்துல ஜெயிக்கும்.

— இன்னொண்ணு கேளு. டப்பா இருந்தப்ப காத்து சீட்டுக்கு அடியில சுத்தி வளைச்சு வந்துச்சு. இந்தக் கூம்பு வெட்டவெளியில வாயப் பொளந்துக்கிட்டு நிக்கும். எது பறந்து வந்தாலும் இழுக்கும். மேல எண்ணெ வேற பூசியிருக்காங்க, தொட்டுப் பாரு.

— பிசுபிசுன்னு இருக்கு.

— அதுல ஒட்டினது ஒட்டினதுதான். தட்டினா போகாது, ஊதினா போகாது. பார்சல்ல ரெண்டு பாட்டில் வந்துச்சே, ஒண்ணு கழுவற மருந்து, ஒண்ணு மறுபடியும் பூசற எண்ணெ. எடுத்துட்டுப் போறியா?

— ஒரு நாளைக்கு எதுக்கு சகலை அதெல்லாம்? இங்கயே கெடக்கட்டும்.

— பழைய டப்பா?

— அதத்தான் எறியச் சொன்னேனே.

— நான் பத்திரமா வெச்சுக்கறேன். திரும்பி வர்றதப் பத்தி ஏதாவது கேக்கணுமா?

— அதுல கேக்க என்ன இருக்கு? ஏறறதுதானே கஷ்டம். இறங்கறது தானா உருண்டு வரும்.

— நல்லா யோசிச்சுச் சொல்லு. மறுபடி கேக்க மாட்டேன்.

— உதைக்கட்டுமா சகலை?

— உதை. நான் சொல்லிட்டேன், அவ்வளவுதான்.

— கேக்குதா? கேக்குதா சகலை? புலி மாதிரி!

— பஸ் ஸ்டாண்டுல தூங்கின கிழட்டு நாய்கூட எந்திரிச்சு ஓடுது!

— என்ன? சத்தமாச் சொல்லுங்க!

— பறக்கும்னேன்!

— பறக்கும்ல? பறக்கும்ல?

— கொஞ்சம் ஆக்சிலரேட்டர விடு, காது போகுது! கடைசியா ஒண்ணு. மேல போன உடனே இன்ஜின அணைச்சுடாத. ரோமம் வெட்டற பட்டிய ஒட்டி நிறுத்து. நிறுத்தி, பத்து நிமிஷம் நல்லா முறுக்கிக் காட்டு.

— பட்டிகிட்டயா? நேரா கூடாரத்து வாசலுக்குப் போகலாம்னு பாத்தேன்.

— கூடாரத்துகிட்ட ரெண்டு நாய்தான் இருக்கும். கூட்டமெல்லாம் பட்டியில. பெர்மெட்டும் அங்கதான் இருப்பா. நாலு பேர் பாத்தாத்தானே கூம்புக்கு மரியாதை?

— சகலைன்னா நீங்கதான் சகலை! நாளைக்கு மதியம் பெர்மெட்டோட இதே வாசல்ல வந்து நிக்கறேன், பாருங்களேன்!

— போயிட்டு வா, போயிட்டு வா. மெதுவாப் போ!

...

— ஹலோ! அத்தைங்களா? இஸ்காக் பேசறேன். கேக்குதுங்களா?

— கேக்குது மாப்பிள்ளை. இந்த மேட்டு உச்சியிலதானே சிக்னல் வருது, குதிரை மேல உக்காந்துதான் பேசறேன். இது ஒரு இடத்துல நிக்காது, சீக்கிரம் சொல்லுங்க.

— குபானிச் கிளம்பிட்டான். மதியத்துக்குள்ள வந்துடுவான்.

— வண்டி ஏறுங்களா?

— பறக்கும்.

— இறங்குங்களா?

— இறங்காது அத்தை.

— அது எப்படிங்க மாப்பிள்ளை, ஏறினது இறங்காம இருக்கும்?

— நீங்க கம்பளம் செய்யறப்ப என்ன பண்ணுவீங்க? ரோமத்தப் பரப்பி, சூடும் ஈரமும் காட்டி, போட்டு உருட்டுவீங்க. அதேதான். பட்டியில இப்ப ரோமம் பஞ்சு மாதிரி பறக்குமில்ல? அவன் மாட்டியிருக்கற கூம்பு எண்ணெ பூசினது. கீழ இன்ஜின் சூடு, அதோட அதிர்வு. பட்டிய ஒட்டி நிறுத்தி முறுக்கச் சொல்லியிருக்கேன். பத்தே நிமிஷத்துல கூம்பு தலையில கம்பளித் தொப்பி ரெடி. அப்புறம் காத்து உள்ள போகாது. நாளைக்குக் காலைல உதைச்சா ரெண்டு தடவ இருமிட்டு நின்னுடும்.

— அடேங்கப்பா! தொப்பி கனமா வரட்டும், நாலு ஆட்ட வண்டிக்குப் பக்கத்துலயே வெச்சு வெட்டச் சொல்றேன்.

— அதையும் செய்ங்க. யாராவது ஒரு மாப்பிள்ளைன்னு கேட்டீங்க, அனுப்பிட்டேன். பெர்மெட்தான் கோவிச்சுக்குவாளோன்னு...

— அவளா? அவ காலைல இருந்து தலைய மூணு தடவ சீவிட்டா. வண்டி செத்தாத்தான் புருஷன் கண்ணுக்குத் தெரிவான்னு சொல்லிட்டு, இப்பவே டீக்கு அடுப்பு மூட்டறா. ஆமா மாப்பிள்ளை, அந்தத் தொப்பிய அப்புறம் யாருங்க கழட்டறது?

— அது சாமானியப்பட்ட வேலை இல்லீங்க. அதுக்குத் தனி மருந்து இருக்கு, அது என்கிட்ட இருக்கு. பழைய டப்பாவும் இங்கதான் இருக்கு. அத மறுபடி மாட்ட இந்த ஊர்ல என்னைத் தவிர ஒருத்தனுக்கும் தெரியாது.

— அப்படிங்களா.

— பெருமைக்குச் சொல்லல, உண்மையத்தான் சொல்றேன்.

— உண்மைதான் மாப்பிள்ளை. அப்ப நீங்க வந்தாத்தான் அந்த வண்டி இறங்கும்.

— நானா? ...அத்தை, கடை இருக்குங்களே.

— கடைச் சாவி ஜமீராகிட்ட இருக்கட்டும். நேத்தே பேசியாச்சு.

— நேத்தா? அவகிட்டயா?

— அவதான் சொன்னா. "சின்னவர மேல ஏத்தி விட்டுட்டு இவர் தப்பிச்சுக்குவார், நீ பாரும்மா"ன்னு. என் பொண்ணு பொய் சொல்ல மாட்டா இல்லீங்களா? முன்னூத்தி நாப்பது ஆட்டுக்கு ஒரு கத்தரிக்கோல் பத்துமா மாப்பிள்ளை? ரெண்டு தீட்டி வெச்சிருக்கேன். சாயங்காலம் பால் வண்டி உங்க கடை வாசல்ல நிக்கும். நான் சொல்லிட்டேன், அவ்வளவுதான்.

— அத்தை, நாப்பது நாளைக்கு ஒரு மாத்துத் துணிகூட எடுக்காம, திடுதிப்புன்னு நான் எப்படி...

— கதவுக்குப் பின்னாடி கட்டம் போட்ட பை ஒண்ணு இருக்கும் பாருங்க மாப்பிள்ளை. இப்ப தொறக்கலாம்.