ஒருவரும் எழுந்து போகாத மாலை

நாற்காலி ஆடினால் ஒருவனுக்கும் சிரிப்பு வராது, ஐயா. இத்தனை வருட மேடை அனுபவத்தில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான். நீங்கள் எனக்குப் போட்டிருக்கும் இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. அடியில் ஒரு அட்டையை மடித்து வைத்துக்கொள்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் பாரில் இந்த வேலையை அத்தான், என் அக்கா புருஷன், பார்ப்பார். புதன்கிழமை நிகழ்ச்சிக்குக் கூட்டம் வருவதற்கு முன்பே ஒவ்வொரு நாற்காலியிலும் உட்கார்ந்து பார்த்து, ஆடுகிற காலுக்கெல்லாம் பீர் அட்டையை மடித்துச் செருகுவார். "ஆடுற நாற்காலில உக்காந்தா மனுசனுக்கு எழுந்து போற நெனப்புதான் வரும், மாப்ள" என்பார்.

சாட்சி சொல்லக் கூப்பிட்டீர்கள், வந்திருக்கிறேன். பார் முதலாளி பின்கதவைப் பூட்டி வைத்ததால்தான் தீப்பிடித்தபோது என் அத்தானும் நிகழ்ச்சிக்கு வந்த ஒரு பெண்ணும் வெளியே வர முடியாமல் செத்தார்கள் என்று எழுதி, படித்துக் காட்டினீர்கள். நன்றாக எழுதியிருக்கிறீர்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம். அக்கா சமைத்து வைத்துக் காத்திருப்பாள். ஆனால் நடுவில் ஒரு விஷயம் சொன்னீர்கள் பாருங்கள், அதனால் ஒரு வரியைத் திருத்த வேண்டியிருக்கிறது.

அதற்கு முதலில் என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பகலில் நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஃபிரேம் விற்பவன். புதன்கிழமை மாலை மட்டும் காமெடியன். என் காமெடி முழுக்க என்னைப் பற்றியதுதான். என் வழுக்கை, என் தொப்பை, கல்யாணமான வருடமே என் மனைவி கம்பி நீட்டியது. போகும்போது ஃபிரிட்ஜில் இருந்த பாலை எடுத்து வெளியே வைத்துவிட்டுப் போனாள், கெட்டாவது போகட்டும் என்று. இதையெல்லாம் மைக் பிடித்து ஊருக்கே சொல்கிறவன் நான். என்னை நானே கிழித்துத் தொங்கவிடுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. ஆகவே எனக்கு வெட்கம் மானம் எதுவும் மிச்சமில்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

அந்த மேடையை வாங்கிக் கொடுத்தவர் அத்தான். அந்த பாரில் ஊற்றிக் கொடுக்கும் வேலை அவருக்கு. முதலாளியின் கையைக் காலைப் பிடித்து, "என் மச்சினன் சார், வீட்ல சும்மா பேசினாலே வயிறு வலிக்கும்" என்று சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டில் யாருக்கும் வயிறு வலித்ததாக எனக்கு நினைவில்லை.

மேடை என்பது தெருக்கதவை ஒட்டிப் போட்ட ஒரு பலகை. யாராவது நடுவில் எழுந்து போக வேண்டுமென்றால் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டுகிறவனை நான் சும்மா விடமாட்டேன், அவன் சட்டையையோ செருப்பையோ வைத்து ஒரு பிடி பிடிப்பேன். அதற்குப் பயந்துகொண்டு ஜனங்கள் பின்பக்கமாக நழுவ ஆரம்பித்தார்கள். கவுன்டரைத் தாண்டி, அடுப்படியைத் தாண்டி, கழிவறைக்குப் போகும் நடை ஒன்று இருக்கிறது. அதன் கோடியில் இரும்புக் கதவு. திறந்தால் சந்து. சந்தின் எதிர்ப்பக்கம் அடுத்த பாரின் பின்வாசல். அங்கே புதன்கிழமைதோறும் ஒரு பெண் பாடுவாள். போகிறவன் கழிவறைக்குப் போகிற முகத்தோடுதான் போவான். கழிவறைக்குப் போகிறவன் கையில் தம்ளரை எடுத்துக்கொண்டு போவானா? இவர்கள் போனார்கள். மறுநாள் காலை அந்த பாரில் கூட்டிப் பெருக்கும் அம்மா எங்கள் தம்ளர்களையெல்லாம் ஒரு தட்டில் அடுக்கிக் கொண்டுவந்து வைப்பார். அதுதான் எனக்கு வருகிற விமர்சனம்.

அத்தான் மட்டும் சிரிப்பார். ஜோக் முடிவதற்கு முன்பே சிரிக்க ஆரம்பித்துவிடுவார், அது வேறு தொந்தரவு. அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் மாலை வேலை, அவள் ஒரு நிகழ்ச்சிக்கும் வந்ததில்லை. வீட்டுக்குப் போனதும் அத்தான் அவளிடம், "இன்னிக்கும் ஒருத்தன் எழுந்திரிக்கலடி, உன் தம்பி பின்னிட்டான்" என்பார். வாரம் தவறாமல் சொல்வார். அவளும் அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் பெருமையடித்துக்கொள்வாள். என்னைப் பெரிய ஆள் என்று இந்த உலகத்தில் நம்பிக்கொண்டிருக்கிற ஒரே ஜீவன் அவள்தான்.

முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. போன மாதம் கூப்பிட்டு, "அடுத்த புதனும் கூட்டம் பின்பக்கமா ஒழுகுச்சுன்னா அந்தப் பாட்டுக்காரிய இங்க கூட்டிட்டு வந்துடுவேன். நீ போய் கண்ணாடி வித்துக்க" என்றார். நியாயமான பேச்சுதான். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் எனக்கு மைக்கையே கொடுத்திருக்க மாட்டேன். ஆனால் எனக்கு இருந்தது அந்த ஒரு மாலைதான், ஐயா. மற்ற நாளெல்லாம் நான் அடுத்தவர் மூக்கில் ஃபிரேமை மாட்டிவிட்டு "எடுப்பா இருக்கு" என்று சொல்கிறவன்.

அந்த இரும்புக் கதவுக்குத் தாழ்ப்பாளும் பூட்டும் சந்துப் பக்கம்தான் இருக்கின்றன. கடை மூடியபின் அத்தான் வெளியிலிருந்து பூட்டிவிட்டு, சுற்றிக்கொண்டு முன்பக்கம் வருவார். கடை திறந்திருக்கும் நேரமெல்லாம் பூட்டும் சாவியும் கவுன்டருக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும். உள்ளே ஆள் இருக்கும்போது அந்தக் கதவு திறந்தே இருக்க வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். காலிப் பாட்டில் பெட்டி ஒன்றை முட்டுக்கொடுத்து வைப்பார். அதை யாராவது நகர்த்தினால் அவருக்குக் கோபம் வரும். அவர் கோபப்பட்டு நான் பார்த்த விஷயம் அது ஒன்றுதான்.

அந்தப் புதன்கிழமை அவர் பெட்டியை வைக்கப் போன நேரத்தில், நான் ஆணியிலிருந்து பூட்டையும் சாவியையும் எடுத்துக்கொண்டேன். அவர் கவுன்டருக்குத் திரும்பியதும் சந்துக்குப் போனேன். பெட்டியை உள்ளே தள்ளினேன். கதவைச் சாத்திப் பூட்டினேன். சாவியைப் பேன்ட் பையில் போட்டுக்கொண்டு, தெருவைச் சுற்றி முன்வாசல் வழியாக வந்து மேடையேறினேன். திருத்த வேண்டிய வரி இதுதான்.

ஒரு மணி நேரத்துக்குத்தானே என்று நினைத்தேன். முடித்ததும் திறந்துவிடுவதாக இருந்தேன். அதை எழுதுவதும் எழுதாததும் உங்கள் இஷ்டம்.

வேடிக்கை என்னவென்றால், என் திட்டம் பலித்தது. முதலில் ஒருவன் தம்ளரோடு பின்னால் போனான். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து உட்கார்ந்தான். இன்னொருவன் போனான், அவனும் வந்தான். கதவு ஏன் பூட்டியிருக்கிறது என்று ஒருவனும் அத்தானிடம் கேட்கவில்லை. எப்படிக் கேட்பான்? திருட்டுத்தனமாக நழுவப் பார்த்தவன் வழி அடைத்திருக்கிறது என்று புகார் கொடுப்பானா? உட்கார்ந்தவர்கள் வேறு வழியில்லாமல் கேட்டார்கள். கேட்டவர்கள் மெல்லச் சிரிக்கவும் ஆரம்பித்தார்கள். பிறந்தநாள் கொண்டாட வந்த ஒரு கூட்டத்தில் காகிதக் கிரீடம் வைத்த பெண் ஒருத்தி இருந்தாள். என் தொப்பை ஜோக்குக்கு அவளுக்குப் பீர் மூக்கில் ஏறி, உடையெல்லாம் கொட்டி, அதைக் கழுவுவதற்காகச் சிரித்துக்கொண்டே பின்னால் எழுந்து போனாள். என் வாழ்க்கையில் என் ஜோக்குக்கு ஒரு ஆள் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை. இப்போது நினைத்தாலும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது, சொல்லக் கூடாது.

பிறகு பால் ஜோக்கை எடுத்தேன். அப்போது அடுப்படிக் கதவின் மேல்பக்கம் புகை வந்தது. எல்லோரும் என்னைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள், அத்தான்கூட. அடுப்படியைப் பார்த்து நின்றவன் நான் ஒருவன்தான். சமையல்காரர் எதையாவது தீய்த்திருப்பார் என்று முதலில் நினைத்தேன். பிறகு அப்படி இல்லை என்று தெரிந்தது. ஆனால் ஜோக் நடுவில் இருந்தது, ஐயா. நடுவில் விட்ட ஜோக்கை மறுபடி எடுக்க முடியாது. முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று முடித்தேன். சிரிப்பு வந்தது. அறை முழுக்க வந்தது. அத்தான் கவுன்டரைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

அதன் பிறகுதான் சமையல்காரர் அலறிக்கொண்டு ஓடி வந்தார், விளக்கு அணைந்தது. ஜனங்கள் முட்டி மோதினாலும் தெருக்கதவு பக்கத்திலேயே இருந்ததால் எல்லோரும் வெளியேறிக்கொண்டிருந்தார்கள். அத்தான் இருட்டில் என் தோளைப் பிடித்து, "கிரீடம் வச்ச பொண்ணு உள்ள பாத்ரூம்ல இருக்கு மாப்ள. நீ இவங்கள முன்பக்கம் கூட்டிட்டுப் போ. நான் அவளப் பின்பக்கமா கூட்டிட்டு வந்துடறேன்" என்றார்.

நான் "சரி அத்தான்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்பீர்கள். வாய் பழகிவிட்டது. அவர் எது சொன்னாலும் சரி அத்தான் என்றுதான் சொல்வேன். பூட்டியிருக்கிறது என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். அது வருவதற்குள் அவர் புகைக்குள் போய்விட்டார். நான் சும்மா நிற்கவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். இந்தத் தொப்பையைத் தூக்கிக்கொண்டு தெருவைச் சுற்றி ஓடினேன். சாவியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டுதான் ஓடினேன்.

சந்தில் கூட்டம். அடுத்த பாரின் கூட்டம் மொத்தமும் அங்கே நின்றது. அதில் பாதிப் பேர் முன்பு என்னிடமிருந்து நழுவிப் போனவர்கள், முகம் பார்த்தாலே தெரியும். பாட்டுக்காரியும் இருந்தாள். இரண்டு பேர் பூட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளேயிருந்து கதவைத் தட்டினார்கள். "யாராவது திறங்க, பூட்டிருக்கு, திறங்க" என்று அத்தானின் குரல் கேட்டது.

சாவி என் உள்ளங்கையில் இருந்தது. கையை விரித்தால் போதும். ஆனால் விரித்தால் இந்தச் சாவி உன்னிடம் எப்படி வந்தது என்று கேட்பார்கள். கூட்டம் ஓடிப்போகிறது என்று காமெடிக்காரன் ஆட்களை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டான் என்று தெரிந்துவிடும். அவ்வளவு பேருக்கு முன்னால், அந்தப் பாட்டுக்காரிக்கு முன்னால், என் மானம் கப்பலேறிவிடும். வழுக்கையைச் சொல்லலாம், தொப்பையைச் சொல்லலாம், ஓடிப்போன மனைவியைச் சொல்லலாம். அந்த ஒன்றை மட்டும் என்னால் சொல்ல முடியாது என்று அந்த நிமிஷத்தில்தான் எனக்கே தெரிந்தது. எப்படியும் இப்போது யாராவது உடைத்துவிடுவார்கள் என்று தோன்றியது. சாவியைத் திரும்பப் பையில் போட்டேன்.

பிறகு நானும் பூட்டைப் பிடித்து இழுத்தேன். "எவன்டா பூட்டினது" என்று கத்தினேன். அங்கே இருந்தவர்களில் அதிகம் கத்தியது நான்தான், யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். என் கை கிழிந்து ரத்தம் வந்ததைப் பார்த்து அந்தப் பாட்டுக்காரி அழுதுகொண்டே என்னை இழுத்துப் பிடித்தாள். அடுத்த பாரிலிருந்து கடப்பாரை வந்தபோது உள்ளே தட்டுவது நின்று கொஞ்ச நேரம் ஆகியிருந்தது.

அன்று ராத்திரி அக்கா என் கைக்கு மருந்து போட்டாள். புருஷனைப் பிணமாகப் பார்த்துவிட்டு வந்தவள், "நீயாவது வந்து சேந்தியேடா" என்று சொல்லிக் கட்டிக்கொண்டாள். அழுத்தந்திருத்தமாக முதலாளியைச் சபித்தாள். நானும் கூடச் சேர்ந்து சபித்தேன். மறுநாள் என் பேன்ட்டைத் துவைக்க எடுத்தவள் பையில் சாவியைப் பார்த்து, "இது எந்த வீட்டுதுடா?" என்றாள். பழைய வாடகை வீட்டுச் சாவி என்றேன். தொலைத்துவிடுவேன் என்று அவள் வீட்டுச் சாவிகளோடு சேர்த்துக் கதவுக்குப் பின்னால் மாட்டி வைத்தாள். இன்னும் அங்கேதான் தொங்குகிறது. ஆள் அனுப்பினால் எடுத்துக்கொள்ளலாம்.

பேட்டை பார்க்காரர்கள் எல்லாம் சேர்ந்து சமுதாயக் கூடத்தில் அத்தானுக்கு அஞ்சலிக் கூட்டம் வைத்தார்கள். என்னைப் பேசச் சொன்னார்கள். எல்லாக் கதவையும் திறந்து வையுங்கள் என்று நான் கேட்டுக்கொண்டதும் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அத்தான் நாற்காலிக்கு அட்டை வைக்கிற கதையைச் சொன்னேன். அழுதுகொண்டே சிரித்தார்கள். ஒருவரும் எழுந்து போகவில்லை. சிரித்த கூட்டத்தில் அத்தானின் சத்தம் மட்டும் இல்லை, அது எனக்குத் தாங்கவில்லை.

மனசாட்சி உறுத்தியதால் சொல்கிறேன் என்று எழுதிவிடாதீர்கள். என் மனசாட்சியும் என் கூட்டத்தைப் போலத்தான், பாதியிலேயே பின்பக்கமாக நழுவிவிடும். நீங்கள்தான் காரணம். கொஞ்ச நேரம் முன்னால், "அந்த முதலாளி என்ன சொல்றான் தெரியுமா? உங்க ஜோக்குக்கு ஆள் ஓடுதுன்னு நீங்களே பூட்டிட்டீங்களாம்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்த இந்தத் தம்பியும் சிரித்தார். நல்ல சிரிப்பு. ஒரு தீக்குச்சி எரிந்து அணைகிற நேரம் இருந்தது, பிறகு நீங்கள் அடுத்த பக்கத்தைத் திருப்பிவிட்டீர்கள். அந்தச் சந்தில் நான் பயந்தது இந்தச் சிரிப்புக்குத்தான். இவ்வளவுதானா என்று இருந்தது, ஐயா.

ஆகவே பூட்டியது நான். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் சாகிறவரை நின்றதும் நான். முதலாளியை விட்டுவிடுங்கள், பாவம், அவர் வாயால்தான் கெட்டவர்.

ஒரே ஒரு வேண்டுகோள். சாவியை எடுக்கப் போகும்போது அக்கா காரணம் கேட்காமல் விடமாட்டாள். குடிவெறியில் பூட்டினான் என்று சொல்லுங்கள். அத்தான் மேல் பொறாமை, கல்லாவில் கைவைக்கப் பார்த்தான், ஆளைக் கொல்லவே திட்டம் போட்டான், எதை வேண்டுமானாலும் சொல்லுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கூட்டம் எழுந்து போனது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவளுக்குத் தெரியாது.