மூச்சு முட்டினா செத்துரும்னு

ஐயோ, அந்த ஜன்னல மூடாதீங்க தம்பி. முன் சீட்டுல ரோஸ் சேலை கட்டிக்கிட்டு சாஞ்சிருக்கா பாருங்க, எம்பொஞ்சாதி விண்ணரசி. காத்து வரலன்னா அவளுக்குக் கொமட்டும். ஆமா, தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலேருந்துதான் வர்றோம். மார்ல கட்டி. புத்துநோய்.

ச்சீ, அது என்ன சென்மமோ தம்பி! இன்னைக்கு டாக்டரம்மா படம் போட்டுக் காட்டுச்சு. கட்டி பெருசானா நடுவுல ரத்தம் போவாதாம், ஆக்ஸிஜன் கெடையாதாம். நல்ல செல்லா இருந்தா மானமா செத்துரும். இது சாவாது. உள்ள ஜீனுன்னு இருக்காமே, அதுல தூங்குறத எழுப்பிவிட்டு, வேலை செய்யறத அடக்கிப்புட்டு, காத்தே இல்லாம சர்க்கரையத் தின்னே பொழைக்குமாம். அப்பறம் பக்கத்து வாய்க்கால வெட்டி தன் வயலுக்குத் திருப்புற திருட்டுப்பய மாதிரி, புதுசா ரத்தக்குழாய இழுத்துக்குமாம். அங்கேருந்து வேற எடத்துக்கும் கெளம்பிருமாம்.

நாங்க வெவசாயம் தம்பி. நட்ட வயல்ல தண்ணிய நிறுத்திக் கட்டுனா களை மூச்சு முட்டி அழுவிரும், அதான் எங்களுக்குத் தெரியும். ஆனா இந்தக் குதிரைவாலிப் புல்லு இருக்கே, தண்ணிக்குள்ளயே மொளைச்சு நெல்லு மாதிரியே நிக்கும். அந்தச் சாதிதான் இதுவும்.

களை மாதிரி இதுவும் மூச்சு முட்டி அழுவிரும்ங்கற நெனப்புலதான் கட்டி மேல பச்சிலைய அரைச்சு அப்பி, பழைய வேட்டியக் கிழிச்சு இறுக்கிக் கட்டுனது. காத்துப் படலன்னா வெந்து போயிரும்னு. எட்டு மாசம். அவளால கைய ஒசத்த முடியாது, நிமிந்து மூச்சு விட முடியாது. துணி கட்டுனதாலதான் கட்டி வளந்துச்சுன்னு இல்லங்குது டாக்டரம்மா. ஆனா அந்த எட்டு மாசம் போனது போனதுதானாம். மொதல்லயே வந்திருந்தா லேசா முடிஞ்சிருக்கும்னுச்சு. இப்ப கக்கத்துக்கும் போயிருச்சு.

என்னது? கட்டுனது யாரா?

அதையேதான் டாக்டரம்மாவும் கேட்டுச்சு. நாந்தாங்க டாக்டர், நானே கட்டிக்கிட்டேன்னுட்டா விண்ணரசி. படிச்ச பொம்பள இப்புடியா பண்ணுவன்னு அந்தம்மா அவளப் புடிச்சுத் திட்டுது.

கட்டுனது இந்தக் கைதான் தம்பி. தெனம் காலையில, வயலுக்குப் போறதுக்கு முன்னாடி. அவ வலிக்குதுங்கன்னு சொல்லச் சொல்ல இன்னொரு சுத்து சுத்துவேன். அவளத் திட்டுறப்ப நான் பக்கத்துலதான் ஒக்காந்திருந்தேன். ஒக்காந்துகிட்டு, நல்லாக் கேளுங்க டாக்டர், நான் சொன்னா இவ எங்க கேக்குறான்னு சொன்னேன்.