பின்னாலேயே வந்த ஜீப்

சாந்தன்பாறை பஸ் ஸ்டாப்பில் மழைக்கு ஒதுங்கியவர்கள்: ஏலக்காட்டு வேலை முடிந்து வந்த இரண்டு பெண்கள், ஒரு ஜீப் டிரைவர், முதுகில் பெரிய பையோடு பிளஸ் டூ முடித்த ஒரு பெண், நான்.

"ஜீப்புல ஏறுனா நான் தோத்துருவேன்க்கா" என்றாள் அந்தச் சின்னப்பெண். "ஆனைக்கரையிலிருந்து தேவிகுளம் வரைக்கும் நடந்து காட்டுனாத்தான் அப்பா காலேஜுக்கு விடுவாரு. இல்லேன்னா கல்யாணம்."

"நாங்க நடந்தா கூலி, நீ நடந்தா காலேஜா?" ஏலக்காட்டுப் பெண்கள் இருவரும் சிரித்தார்கள்.

"மழை வலுக்குது, ஏறிக்க பாப்பா. உங்கப்பாகிட்ட சொல்ல மாட்டேன்" என்றார் டிரைவர்.

"சித்தப்பா, டீசல் போட்டு உங்கள அனுப்புனதே அப்பாதானே?"

பெண்களில் மூத்தவள் டிரைவரிடம் திரும்பினாள். "தூ! பொட்டப்புள்ளையத் தோக்கடிக்கவா பின்னாடியே வந்த? நாங்களும் ஏறல, போ."

மூவரும் மழையில் நடந்தார்கள். நான் ஏறினேன். ஜீப்பில் இரண்டு பேர்.